இடது பக்கம் ஒரு கோடு கூட இல்ல

இல்ல சார், அந்த நிழல்ல நிக்காதீங்க, இப்படி ஜன்னல் பக்கம் வாங்க. பேசுறவங்க முகம் தெரியணும் எனக்கு. பேப்பரை அந்த மேசையில வைங்க, கையெழுத்துதானே, எங்க ஓடிப்போயிடப் போகுது. நாளன்னைக்குத்தானே படகைத் தண்ணியில இறக்குறோம், இன்னைக்கே எதுக்குத் தனியா வந்தீங்க? மச்சான் அனுப்பிச்சானா? இல்லைன்னு தலையாட்டுறீங்க. சரி, நம்புறேன். நம்பாம என்ன பண்றது.

மச்சான்னா என் வீட்டுக்காரியோட தம்பி. இந்தப் பட்டறையில பாதி அவனோடது. முன்னாடியெல்லாம் அவன் வாயைத் திறந்தா தெருமுனை வரைக்கும் கேக்கும். இப்ப ஆறு மாசமா எல்லாமே குசுகுசுதான். நான் உள்ள நுழைஞ்சா அவனும் பெயிண்டரும் தலையைத் தாழ்த்திக்குறாங்க, வாய் மட்டும் அசையுது. வீட்டுக்குப் போனா அவன் அக்காவும் அதே மாதிரி. சோத்தைப் போட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னு என்னமோ முணுமுணுக்குறா. என்னை வச்சு எதையோ முடிவு பண்ணிட்டாங்க சார். பட்டறையை யார் தலையிலயாவது கட்டிட்டு என்னை ஓரங்கட்டப் பாக்குறாங்கன்னு நினைக்கிறேன். கையை வாயிலேர்ந்து எடுங்க சார். வாயை மூடிக்கிட்டுப் பேசுறவங்களைக் கண்டாலே இப்ப எனக்கு ஆகறதில்ல.

என்ன, படியா? படியெல்லாம் ஒட்டியாச்சே, பின்னால ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு. இல்லையா? கையால மடக்கிக் காட்டுறீங்க. ஓ, மடி, மடிக்கிற மேசை. தெளிவாச் சொல்லணும் சார், மீசைக்குள்ளேயே பேசினா எப்படி. மேசையும் ரெடி. ஒத்தைக் கையால தூக்கலாம்.

இந்தப் படகுக்கு எடைதானே எல்லாம். நீங்க கேட்டமரான்னு அழகாச் சொல்றீங்க, நம்ம கட்டுமரம்தான் ஊரெல்லாம் சுத்திட்டு பேரை மாத்திக்கிட்டு வந்து நிக்குது. ரெண்டு உடம்பு, நடுவுல ஒரு பாலம். வர்றவங்களுக்கு உள்ள வீடும் வேணும், பந்தயத்துல ஓடுற ஓட்டமும் வேணும். உங்க வீட்டம்மா வாஷிங் மெஷின் கேட்டப்ப நான் சிரிச்சேன்னு கோவிச்சுக்கிட்டாங்களே, ஞாபகமிருக்கா? நானோ கதவுல கைப்பிடியை எடுத்துட்டு விரல் விடுற மாதிரி ஓட்டை போட்டுட்டிருக்கேன், நூறு கிராம் மிச்சமாகுமேன்னு.

எடையைக் குறைச்சுட்டு பலத்தைக் குறைக்கக் கூடாது, அங்கதான் வேலையே இருக்கு. நடுவுல லேசான நுரைப்பலகை, ரெண்டு பக்கமும் பசையில ஊறின கார்பன் துணி. மேல பிளாஸ்டிக் உறையைப் போட்டு பம்பு வச்சு காத்தை உறிஞ்சினா துணி பலகையை அப்படியே கவ்விக்கும். எங்கயாவது கவ்வாம விட்டுதுன்னு வைங்க, வெளியில ஒண்ணும் தெரியாது, வழவழன்னு இருக்கும். நடுக்கடல்ல அலை வந்து அறையுறப்பதான் அந்த எடத்துலேர்ந்து உரிய ஆரம்பிக்கும்.

அதைக் கண்டுபிடிக்க எங்ககிட்ட இருக்குறது இந்தக் காசுதான். இருபத்திரெண்டு வருஷமா என் சட்டைப் பையில கிடக்கு, ஓரமெல்லாம் தேஞ்சு போச்சு பாருங்க. பானை வாங்குறவங்க தட்டிப் பாக்குற மாதிரி தட்டிக்கிட்டே போகணும். நல்ல எடம் டக்குனு பேசும். கவ்வாத எடம் பொத்துன்னு இருக்கும். பொத்துன்னா சிவப்பு சாக்பீஸால ஒரு கோடு, அப்புறம் அங்க அறுத்து எடுத்துட்டுத் திரும்பப் போடணும். வலது பக்கத்து உடம்பை போன வருஷம் தட்டினேன், பதினொரு கோடு. பதினொண்ணையும் சரி பண்ணியாச்சு. இடது பக்கத்தை போன மாசம் தட்டினேன். நாலு நாள், ஒரு சாண் விடாம. ஒரு கோடு கூட இல்ல சார்.

பெயிண்டர் அசந்து போயிட்டான். மச்சான்தான் ஒரு மாதிரியாப் பாத்தான். வேற ஆளை வச்சு இன்னொரு தடவை தட்டிடலாமான்னு ஒரு சீட்டுல எழுதி நீட்டுறான். என் வேலையிலயே சந்தேகம். அதையும் நேருக்கு நேர் கேக்க வாய் வரலை பாருங்க. சீட்டைக் கிழிச்சு அவன் மூஞ்சியிலேயே வீசினேன்.

அதுக்கப்புறம் கதவு, மேசைக்குத் துணி போடுறப்ப பம்புத் தகராறு ஆரம்பிச்சுது. துணி கவ்வுற நேரத்துல பம்பு நின்னா மொத்த வேலையும் குப்பை. நான் வந்து பாக்குறப்பெல்லாம் சத்தமே இல்ல. மச்சான்தான் நிறுத்தி வைக்கிறான், என்னைக் கெட்ட பேர் வாங்க வைக்கிறான்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டே இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை தாங்கலை. பட்டறையே வேடிக்கை பாக்க அவனை வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். அவன் என் கையைப் பிடிச்சு பம்பு மேல வச்சான்.

அதிருது சார். ஓடிட்டுதான் இருக்கு.

அதாவது எனக்குக் காது கேக்கலை. எப்பலேர்ந்துன்னு சரியாச் சொல்லத் தெரியல, கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கணும். குசுகுசுன்னு பேசுறாங்கன்னு நினைச்சேன், அவங்க கத்திட்டுதான் இருந்திருக்காங்க போல. இவ்வளவு நேரம் நீங்க பேசினதுல எனக்குப் பிடிபட்டது படி ஒண்ணுதான், அதுவும் மடியாப் போச்சு. உதட்டுல ரெண்டும் ஒண்ணுதான் சார்.

கேளுங்க, இன்னும் இருக்கு. அந்தச் செவ்வாய்க்கு ரெண்டு நாள் கழிச்சு உங்க பொண்ணுங்க வந்தாங்கல்ல? சின்னவ இடது பக்கத்து அறைதான் வேணும்னு வெறும் பலகையிலயே ஏறிப் படுத்துக்கிட்டா. படுத்துக்கிட்டே என்கிட்ட என்னமோ கேட்டா. நான் சிரிச்சுக்கிட்டே ஆமா ஆமான்னு தலையாட்டினேன். என்ன கேட்டான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எதுக்கு ஆமா சொல்லித் தொலைச்சேனோ.

அந்தப் பேப்பர்ல, முழுசும் தட்டிப் பாத்தேன்னு எழுதிக் கொண்டாந்திருக்கீங்க. தட்டினேன், அது பொய் இல்ல. ஆனா கையெழுத்துப் போட மாட்டேன். இந்தாங்க காசு, இந்தாங்க சாக்பீஸ். ஏறி உள்ள போங்க, சின்னவ தலை வச்ச எடத்துலேர்ந்து ஆரம்பிங்க. நானும் பின்னாடியே வர்றேன். மெதுவா, அடிக்காம, சும்மா தட்டுங்க. ம். அடுத்தது. ம்.

ஏன் நிறுத்திட்டீங்க? மறுபடியும் அங்கயே தட்டுறீங்க. முகத்தைத் திருப்பிக்காதீங்க சார், இப்படிப் பாருங்க.

சரி. கோட்டைப் போடுங்க.