எஸ்தாக்கியம்மாள் கல்லுக்கு ஒரு சொல்

இந்தக் கல் விவகாரம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கேட்டவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்... சாட்சிக்குக் கூப்பிடவில்லை. செபம் முடிந்தது, சாப்பாடு இறக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் ஒரு குட்டிக் கதை.

இன்று எஸ்தாக்கியம்மாளுக்கு முப்பதாம் நாள். அதோ, துணி போர்த்தி நிற்கிறதே, அவள் கல்லறைக் கல். நம் கல்லறைத் தோட்டத்து வழக்கம் என்ன? வெள்ளைக்காரச் சாமியார்கள் காலத்திலிருந்து பெண்பிள்ளை கல்லில் லத்தீனில் ‘உக்ஸோர்’ என்று வெட்டி, கீழே புருசன் பேர். உக்ஸோர் என்றால் மனைவி. கல்லறைக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் கஸ்பார் அண்ணாச்சி அதையே வெட்டச் சொன்னார். மகள் ஜெசிந்தா மறித்தாள். கொழும்புக்குப் போய்த் திரும்பாத மனுசனுக்கு அம்மா செத்த பிறகும் பெஞ்சாதியாகக் கிடக்கணுமா என்று கேட்டாள்.

எல்லாரும் யாரைப் பார்த்தார்கள்? என்னைத்தான். நான் செமினரியில் ஒன்றரை வருசம் லத்தீன் படித்தவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை.

“விராகோ போடு தாயி. வீரப் பெண்” என்றேன். அதில் ‘விர்’ என்றால் என்ன என்றாள். ஆம்பிளை என்றேன்.

“எங்கம்மாவைப் புகழணும்னாலும் உள்ளுக்குள்ள ஒரு ஆம்பிளை ஒளிஞ்சிருக்கணுமா மாமா?”

மனசுக்குள் அகராதியைப் புரட்டினேன்... நானே!

சரி, ‘ஃபெமினா’ என்றேன். பெண். வெறும் பெண். அண்ணாச்சி விடுவாரா? ஃபே என்றால் விசுவாசம், மீனுஸ் என்றால் குறைவு, விசுவாசம் குறைந்தவள் என்று கல்லில் வெட்டுவீர்களா என்றார். பங்குச் சாமியார் மெதுவாகத் திருத்தினார். அது பழைய காலத்தில் யாரோ தப்பாகப் பிரித்ததாம். வேர் வேறாம். பால் கொடுக்கிறவள் என்று பொருளாம். எனக்கும் தெரியும், சாமியே சொல்லட்டும் என்றுதான் இருந்தேன்.

ஜெசிந்தா அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“கஸ்பார், உங்கம்மா உன்னைப் பெத்துப் போட்டுக் கண்ணை மூடினப்போ, நீ எந்த வீட்டுல பால் குடிச்சே?”

எஸ்தாக்கியம்மாளின் ஒரு மாரில் ஜெசிந்தா, ஒரு மாரில் கஸ்பார். புயலில் ஊர் அடுப்பெல்லாம் அணைந்து கிடந்த வாரம் அது. அவள் மார் மட்டும் வற்றவில்லை. யோசித்துப் பாருங்கள்... ரோமாபுரியில் யார் வாயிலோ பிறந்த சொல், இத்தனை கடல் தாண்டி வந்து, நம் எஸ்தாக்கியம்மாள் தலைமாட்டுக்கே வந்துவிட்டது. உடம்பு சிலிர்க்கவில்லையா?

அண்ணாச்சி எழுந்தார். “ஃபெமினான்னே வெட்டுங்க” என்றார்.

ஏன் இதைச் சொல்கிறேன்? இன்னார் மகள், இன்னார் பெஞ்சாதி என்றே பெண்ணுக்குப் பேர் வைத்துப் பழகிவிட்டோம். அவள் கொடுத்ததைப் பார்த்து ஒரு தடவை வையுங்கள் ஐயா. ஒரே ஒரு தடவை.

இன்னொன்று... அண்ணாச்சி எழுந்து ‘வெட்டுங்க’ என்றாரே, அதை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். துணிக்குள்ளே கல் வெறுமையாகத்தான் நிற்கிறது. கல் கொத்துகிறவர் உளியோடு காத்திருக்கிறார்.

அண்ணாச்சி... முன்வரிசையில்தானே இருக்கிறீர்கள்?