மண்டோர் வாயில் துரை

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காஜா பேராங்கில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் ரோட்டு வேலைக்காரர்கள் இருவர். இளையவர் சொன்னது காதில் விழுந்தது.

"வெள்ளைக்காரத் துரை கப்பலேறிட்டாருண்ணே. ஆனா நம்ம மாணிக்கம் வாயில இன்னும் இருக்காரு."

"யாரு, உங்க ஆளுங்கள வேலை வாங்குற புது மண்டோரா?"

"ஆமா. நம்மகூட மண்ணு வெட்டுனவன்தானே? மண்டோரானதும் துரையோட அரைகுறைத் தமிழ்லயே கத்துறான். 'ஏய், நான் சொல்றான், நீ செய்!'"

பெரியவர் சிரித்தார். "அவனுக்கே தெரியலையா?"

"தெரியலண்ணே. 'ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க, எங்கிட்ட என்ன குறை'ன்னு அவனாத்தான் கேட்டான். சொல்லிட்டோம். மூஞ்சி செத்துப்போச்சு. அப்புறம் சொல்றான், 'இனி துரை என் வாயில வந்தா எல்லாரும் இருமுங்கடா'ன்னு."

"மண்டோரா அப்படிச் சொன்னான்? இருமுனீங்களா?"

"ஒரு வாரம். தொண்டையே கட்டிப்போச்சுலா."

பஸ் வந்து நின்றது. பெரியவர் ஏறவில்லை. "இப்ப?"

இளையவரின் குரல் கோயிலுக்குள் பேசுவதுபோலத் தணிந்தது.

"இன்னிக்குக் காலையில 'ஏய், நான்'னு ஆரம்பிச்சான். நாங்க வாயத் தொறக்கறதுக்குள்ள அவனே இருமிட்டாண்ணே."