இறங்காத இருபது

மாலை ஆறு பத்து. விமான நிலையத்துக்குப் பின்னால், ஈ காக்கை இல்லாத சாலை. அதன் கோடியில் ஒரு பயிற்சிக் கூடம்... போர்வையை இழுக்காதே தடியா, எல்லாருக்கும்தான் பயம். இது என் சிநேகிதனின் மாமாவுக்கு நடந்தது.

மாமா முன்பு கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர். ஒரு மழைநாளில், எரிபொருள் குறைந்த சின்ன விமானம் ஒன்று முதலில் இறங்க அனுமதி கேட்டது. ஓட்டியவர் அவருடைய சொந்த அண்ணன். அண்ணனுக்காக வரிசையை மாற்றினான் என்ற பேச்சு வந்துவிடுமே என்று, "வரிசைப்படி வாங்க" என்றார். அண்ணன் வட்டமடித்தார்... வட்டமடித்தார்... பிறகு திரையில் அந்தப் புள்ளி இல்லை.

அன்றிலிருந்து மூன்று வருடமாக அண்ணி அவர் முகத்தில் விழிக்கவில்லை. அவரும் கோபுரத்தில் ஏறவில்லை. பயிற்சிக் கூடத்தில், கணினியில் பொய் வானம் தயாரிக்கும் வேலை. எத்தனை விமானம் வேண்டும் என்று தட்டினால் போதும். நேரம், உயரம், பாதை எல்லாம் அதுவே போட்டுவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவற்றை இறக்கிப் பழகுவார்கள். விமானிகள் போலப் பேச பக்கத்து அறையில் ஆட்கள் உண்டு.

அன்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் பயிற்சியைத் தனியாகச் சோதித்துப் பார்த்தார். கேட்டது இருபது. திரையில் இருபத்தொன்று. அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினார். அப்போதும் இருபத்தொன்று... ஒன்று மட்டும் ஓரமாக வட்டமடித்துக்கொண்டிருந்தது.

காதுக்கருவியில் கரகரப்பு. மழைச் சத்தம். வெளியே வானம் வெறிச்சென்றிருக்க, அறையில் ஈரத் துணி வாசனை...

"இறங்கலாமா தம்பி?"

மற்ற இருபதையும் காத்திருக்க வைத்தார்.

"வாண்ணே. பாதை காலியா இருக்கு... நீ முதல்ல இறங்கு."

புள்ளி மெல்ல வந்து ஓடுபாதையைத் தொட்டது. மனிதர் மேசையில் தலை சாய்த்து, மூன்று வருட அழுகையையும் சேர்த்து அழுதார்.

அச்சடித்து வந்த தாளில் இருந்தது இவ்வளவுதான். உருவாக்கியவை இருபது. இறங்கியது ஒன்று. காத்திருப்பவை இருபது.

தாளை எடுத்துக்கொண்டு நேராக அண்ணி வீட்டுக்குப் போனார். மணி அடிக்கும் முன்பே கதவு திறந்தது.

"வாங்க தம்பி," என்றாள் அண்ணி. "சோறு ஆறிட்டிருக்கு. நீங்க வந்தப்புறம்தான் சாப்பிடுவேன்னு உட்கார்ந்திருக்கார்."

உள்ளே மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன.