மாடிப்படியில் நடித்தவர்

எனக்குத் தூக்கம் நன்றாக வரும், ஐயா. தலையணையில் தலை சாய்த்தால் அவ்வளவுதான், விடியும்வரை புரண்டுகூடப் படுக்கமாட்டேன். தூக்கத்தில் நடக்கிற வியாதி எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

அந்த வியாதி என் தங்கையின் கணவருக்குத்தான். ரொட்டிக் கம்பெனியில் இரவு வேலை. பகலில் மாடியறையில் தூங்குவார். ஒரு மதியம் என் தங்கை மாடிப்படியிலிருந்து விழுந்து செத்தாள். "தூக்கத்துல நடந்திருக்கேன். அவ வந்து பிடிச்சிருப்பா, நான் உதறியிருப்பேன். எனக்கு ஒண்ணுமே தெரியல" என்று அழுதார். டாக்டரும் ஆமாம் என்றார், உங்கள் போலீஸ் ஆட்களும் ஆமாம் என்றார்கள். "பாவம், தெரிஞ்சா செஞ்சாரு?" என்று எங்கள் அம்மாவே அவருக்கு டீ ஆற்றிக் கொடுத்தாள். ஒருத்தியைக் கொன்றுவிட்டு, தூங்கினேன் என்று சொன்னால் போதுமாம். சரி, எனக்கும் அது போதும் என்று முடிவு செய்தேன்.

தங்கையின் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த வீட்டிலேயே போய்த் தங்கினேன். கொஞ்ச நாளில் நானும் நடக்க ஆரம்பித்தேன். துணி தேய்ப்பது என் தொழில். அவர் வேலை முடிந்து திரும்பும் விடியற்காலையில் கண்ணைத் திறந்தபடி எழுந்து வந்து, ப்ளக் மாட்டாத இஸ்திரிப் பெட்டியால் தலையணை உறையைத் தேய்ப்பேன். கூப்பிட்டால் திரும்பமாட்டேன். ஒருமுறை அவர் செருப்பைத் துடைத்து அலமாரியில் துணியோடு அடுக்கினேன். பக்கத்து வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "உனக்குமாடி? அந்த வீட்டு ராசி போல." தெருவுக்கே தெரிந்துபோனது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

கொடுமை என்னவென்றால், அவர்தான் என்னைக் கைபிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிப்போவார். "மெதுவாக்கா, பாத்து வாங்க" என்பார். அந்தக் கை பட்டாலே உடம்பு கூசும்.

போன வியாழக்கிழமை, தலைவலி என்று கடையிலிருந்து பாதியில் திரும்பினேன். குழந்தை பள்ளிக்கூடத்தில். நான் வந்தது அவருக்குத் தெரியாது. மாடியில் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் எழுந்து வந்தார். படியோரம் மண்டியிட்டு, கீழே கையை நீட்டி, "பிடிச்சுக்கோம்மா. கையைக் குடு. விட்டுடாத" என்றார். படியில் யாரும் இல்லை. ரொம்ப நேரம் கெஞ்சினார். பிறகு வெறுங்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

அப்போதுதான் தள்ளினேன். இரண்டு கையாலும்.

கீழே கிடந்தபடி என்னை அண்ணாந்து பார்த்தார். "அக்கா, தூக்கத்துல நடக்குறீங்க. படி இருக்கு, கீழ வராதீங்க" என்றார். அத்தோடு சரி.

தலைவலியில் வந்து படுத்தேன், முழித்தால் படிமேல் நிற்கிறேன் என்று சொன்னேன். இந்த முறையும் உங்கள் ஆட்கள், "பாவம், தூக்கத்துல செஞ்சுட்டா" என்று போய்விட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் தங்கைக்காக ஒருத்தி முழித்திருந்து செய்தாள் என்று எல்லோருக்கும் தெரியட்டும், ஐயா.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று புரிகிறது. அவர் நடித்தார், ஐயா. பார்க்க ஆளே இல்லாதபோதும் நடித்தார், அவ்வளவு கெட்டிக்காரர்.