காவல் கோபுரத்துக் கயிறு

ஆபீஸ்ல உக்காந்து டீயைக் குடிச்சுக்கிட்டே எழுதுற விஷயமில்ல சார் இது. நடங்க. கண்ணால பாத்துட்டு எழுதுங்க. செத்தது என் மாப்பிள்ளை, என் கூடப்பொறந்த தங்கச்சியோட புருஷன். பதினாறு வருஷமா இந்தப் பழைய நகரத்தை வர்றவங்களுக்கெல்லாம் சுத்திக் காட்டினவன். நானும் அதே தொழில்தான். அவனைப் பத்தி வழிகாட்டியின் கவனக்குறைவுன்னு ஒரே வரியில எழுதிக் கொண்டாந்துட்டு, என்கிட்ட கையெழுத்து கேக்குறீங்க. போடமாட்டேன்.

குனிஞ்சு வாங்க... இடிச்சுட்டீங்களா? இந்த வாசல்ல எல்லாருக்கும் இடிக்கும். அவன் இருந்திருந்தா, எதிரிகூட தலைகுனிஞ்சுதான் உள்ள வரணும்னு ராஜா போட்ட உத்தரவுன்னு அளந்துவிட்டிருப்பான். எந்தக் கல்லைக் காட்டினாலும் ஒரு ராஜா கதை. பாதி பொய். அதனாலேயே அவனுக்கு அரைராஜான்னு பேரு. நான் புஸ்தகத்துல இருக்கறதை மட்டும்தான் சொல்வேன். கூட்டமெல்லாம் அவன் பின்னாடிதான் போகும். பொறாமையா? இருந்துச்சு சார். இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிடும்.

பாத்து, பள்ளத்துல கால வைக்காதீங்க. அந்தக் காலத்து வண்டிச் சக்கரம் தேச்ச தடம் அது. இந்தச் சந்துல நாங்க பின்பக்கமாவே நடந்துகிட்டுப் பேசுவோம் தெரியுமா? மொகம் கூட்டத்தைப் பாத்து, முதுகு போற வழியைப் பாத்து. எந்தக் கல்லு ஆடும், எது வழுக்கும்னு குதிகாலுக்கே தெரியும். அப்படிப்பட்டவனைப் போயி கவனமில்லாதவன்ங்கறீங்களே, வயிறு எரியுது.

மூச்சு வாங்குதா? தொட்டி ஓரமா உக்காருங்க. கேளுங்க. காவல் கோபுரத்து உச்சியில கைப்பிடிச் செவுரு விரிசல் விட்டிருக்கு, ரெண்டு விரல் உள்ள போகுதுன்னு உங்க ஆபீஸுக்கு மூணு தடவை எழுதிக் கொடுத்தோம். நானும் அவனும் சேந்து கையெழுத்துப் போட்டது. அந்தக் காயிதம் உங்க ஃபைல்ல இருக்கா? இருக்காது. எப்படி இருக்கும்? மூணாவது காயிதத்துக்கு ஒரு ஆளை அனுப்பினாங்க. கொத்தனாரோட வருவான்னு பாத்தா, ஒரு கயிறும் பலகையுமா வந்தான். கயித்தைப் படிக்குக் குறுக்க கட்டினான், ஏறக்கூடாதுன்னு அதுலயே பலகையை மாட்டினான், போயிட்டான். சொத்தைப் பல்லுக்குத் தலையில துண்டைக் கட்டிவிட்ட மாதிரி!

வர்றவங்க கேப்பாங்களா? இவ்வளவு தூரம் வந்துட்டு மேல ஏறாம போறதான்னு சண்டை. அதனால எல்லா வழிகாட்டியும் கயித்தை அவுப்பான், ஏத்துவான், எறக்குவான், திரும்பக் கட்டிடுவான். மாப்பிள்ளை ஒருத்தன்தான் தொடமாட்டான். கீழேயே நிறுத்தி, நாலு ராஜா கதையைச் சொல்லி, சிரிக்க வச்சு அனுப்பிடுவான். அவனுக்கு அது முடியும்.

எந்திரிங்க, இந்தத் திருப்பம்தான். வந்துட்டோம். மேல வேண்டாம், இங்கிருந்தே பாருங்க. அந்த மூலையில செவுரு இல்லாம வெறும் வானமாத் தெரியுதே, அங்கதான். குடும்பமா வந்தவங்களை நிக்க வச்சு போட்டோ எடுத்திருக்கான். எல்லாரும் படத்துல விழலைன்னு ரெண்டு எட்டு பின்னால போயி செவுத்துல சாஞ்சிருக்கான். செவுரு அப்படியே வெளிய போயிடுச்சு, அவனோட சேந்து.

அவன் முன்னாடி ஏறினான், நாங்க பின்னாடி போனோம், கயிறு எதையும் பாக்கலைன்னு அந்தக் குடும்பம் சொல்லுச்சாம். போதுமே உங்களுக்கு. அவன்தான் அவுத்திருப்பான்னு முடிச்சுட்டீங்க. செத்தவன் எந்திரிச்சு வந்தா பதில் சொல்லப் போறான்?

என் தங்கச்சியும் அதை நம்பிட்டா சார். அதுதான் கொடுமை. தெனம் வேலை முடிஞ்சு அவ வீட்டுக்குப் போறேன். எனக்குச் சோத்தைப் போட்டுட்டு, செவுத்துல மாட்டியிருக்கற அவன் போட்டோவைப் பாத்துத் திட்ட ஆரம்பிப்பா. கட்டி வச்சதை எதுக்குடா அவுத்தே, ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கறது ஞாபகம் வரலையா, அறிவுகெட்டவனேன்னு. அழ மாட்டா. திட்டுவா. புருஷன் செத்தா அழக்கூட விடாம பண்ணிட்டீங்க. நாப்பது நாளாச்சு.

அவன் அவுக்கலைன்னு எனக்கு எப்படி இவ்வளவு உறுதியாத் தெரியும்னா கேக்குறீங்க?

தெரியும். அன்னைக்குக் காலையில மொத கூட்டம் என்னுது. ஏழு பேரு. நான் வருஷக் கணக்கு சொல்லச் சொல்ல கொட்டாவி விட்டாங்க. மேலயாவது கூட்டிட்டுப் போவோம்னு நான்தான் அவுத்தேன். எறங்கி வந்ததும் ஒரு அம்மா குடிக்கத் தண்ணி எங்க கிடைக்கும்னு கேட்டாங்க. அவங்களுக்கு வழி சொல்லிக்கிட்டே கூடவே நடந்துட்டேன். திரும்பக் கட்டலை. அவ்வளவுதான் சார் நடந்தது. அடுத்து வந்தவன், வழி தொறந்திருக்கேன்னு பாத்ததும் செவுத்தைச் சரிபண்ணிட்டாங்கன்னு நெனச்சிருப்பான். வேற என்ன நெனப்பான்?

பேனாவை ஏன் மூடுறீங்க? அவன் மேல போட்ட வரியை அடிங்க. என்னை எழுதுங்க. உங்க ஆபீஸ் செவுத்தைக் கட்டலைங்கறதையும் கீழேயே எழுதுங்க. அப்ப நான் கையெழுத்துப் போடுறேன். கொஞ்சம் பெரிய எழுத்தா இருக்கட்டும், தங்கச்சிக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அவளே படிக்கணும். நாப்பது நாளா அவ முன்னாடி வாயைத் தொறந்து பாத்துட்டேன் சார், சோறுதான் உள்ள போகுது.