கண்ணை மூடி வரைந்த முழியான்

தஸ்லீம்: ...இல்லக்கா, சத்தியமா. உங்களை ஆம்பளன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்.

நதியா: ஆம்பளயா! இன்னாத்துக்கு?

தஸ்லீம்: ‘மலைக்காத்து’ன்னு பேரை வெச்சிக்கினு முழியான் கார்ட்டூன் கமெண்ட்ல அந்தச் சண்டை போட்டா வேற இன்னா நெனைக்கறது? மீசை வெச்ச ஃபாரஸ்ட் கார்டு யாரோன்னு... எங்க தம்பி ஹுசைஃபாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அதான் என்னைத் தனியா வுட மாட்டேன்னு கூடவே வந்தான்.

நதியா: இப்ப எங்க அவரு?

தஸ்லீம்: சந்தையில. அவனுக்குப் புளி வாங்கணும். உங்களைப் பாத்ததும், ‘அட, இவங்கதானா’ன்னு அந்தண்ட போய்ட்டான். மூட்டை ஏத்தினதும் போன் போடுவான். அதுக்குள்ள பேசிடலாம்.

நதியா: நான் மட்டும் இன்னா... ‘ஊசிநூல்’னதும் தையக்கார தாத்தா ஒருத்தருன்னு நெனச்சேன். மூக்குக் கண்ணாடி போட்டுக்கினு, மெஷினு பக்கத்துல போனை வெச்சிக்கினு...

தஸ்லீம்: தாத்தாவா!

நதியா: சிரிக்காத, அந்த தாத்தாவுக்கு நான் வணக்கம்லாம் போட்டிருக்கேன்.

தஸ்லீம்: நான் ஷூ தைக்கறவக்கா. கம்பெனியில இருந்து மேல்தோலு வூட்டுக்கு வரும், கையால ஊசி போட்டுக் குடுக்கணும். வாணியம்பாடியில எங்க தெருவுல பாதி வூட்ல அதான் வேலை. கை தைக்கும், காதுல முழியான் ஓடும். பாதிக் கதை நான் பாத்ததே இல்ல, கேட்டதுதான்.

நதியா: கார்ட்டூனைக் கேக்கற ஆளை இப்பதான் பாக்கறேன்.

தஸ்லீம்: உங்களுக்கு எப்படிப் புடிச்சிது?

நதியா: பொண்ணு சோறு துன்னட்டும்னு போட்டேன். அவ கொஞ்ச நாள்ல வேற கார்ட்டூனுக்குப் போய்ட்டா. நான் மாட்டிக்கினேன். முழியான் தேவாங்குதான... எங்க காட்டுல கீற ஜீவன் அது. டார்ச் அடிச்சா அதே மாதிரிதான் முழிக்கும். யாரு வரைஞ்சாங்களோ, நேர்ல பாத்துட்டுத்தான் வரைஞ்சிருக்கணும்.

தஸ்லீம்: சரி, முழியான் பார்க்குல அந்தப் படம் வரையற கூடத்து மேட்டருக்கு வாங்க. இன்னிக்கி வந்த கமெண்டுங்களைப் பாத்தீங்களா?

நதியா: எங்க, காலைல இருந்து டவரே இல்ல. இந்த ஏரிக்கரை பெஞ்சுல உக்காந்தாதான் கொஞ்சம் எடுக்கும். படி, கேக்கறேன்.

தஸ்லீம்: ஒரு அம்மா எழுதியிருக்காங்க. ‘பார்க்குல ஒரு ராட்டினம்கூட ஏறல. படம் வரையற கூடத்துலயே திரும்பத் திரும்பப் போய் உக்காந்தேன். நான் காயிதத்துல வரைஞ்ச முழியான் அவ்ளோ பெரிய திரையில எழுந்து நடந்ததும் அழுதுட்டேன்.’

நதியா: அழுவாங்க. அவங்களே வரைஞ்சது இல்லயா...

தஸ்லீம்: அடுத்தது, காலேஜ் பையன். ‘என் முழியான் உருளக்கெழங்கு மாதிரி வந்தான். உருளக்கெழங்கும் நடந்துச்சு. உருளக்கெழங்குக்குத்தான் அன்னைக்கி கைதட்டல் ஜாஸ்தி.’

நதியா: அய்யோ... இன்னும் படி, இன்னும் படி.

தஸ்லீம்: இது கோவக்காரரு. ‘முழியானுக்கு மாறுகண்ணா? கடைசில நம்மளைக் கண்ணை மூடிக்கினு அவன் கண்ணை வரையச் சொல்றாங்க. இது இன்னா கூத்து? ஆரம்பத்துல இருந்து பாக்கற ரசிகனுக்கு அவமானம்.’

நதியா: அந்த ஆளுக்கு நான் நேத்தே பதில் குடுத்துட்டேன்.

தஸ்லீம்: பாத்தேனே. ‘தொறந்துக்கினு வரைஞ்சா எல்லா முழியானும் ஒண்ணு. மூடிக்கினு வரைஞ்சா அவன் உன் முழியான். போய் வேலையைப் பாரு.’ அதுக்கு எத்தினி லைக்கு தெரியுமா!

நதியா: கடைசி வரியை அழிச்சிடலாம்னு பாத்தேன். டவர் போய்டுச்சு.

தஸ்லீம்: அழிக்காதீங்க. அக்கா, ஒண்ணு கேக்கணும். அதுக்காவேதான் மலையேறி வந்தேன்.

நதியா: கேளு.

தஸ்லீம்: இந்தக் கண்ணை மூடற சமாச்சாரத்தை மொதமொத எழுதினது நீங்கதான். கூடம் தொறந்த புதுசு அப்ப. அதைப் படிச்சிட்டுத்தான் எல்லாரும் போனாங்க. அந்த நிமிஷம்... கண்ணை மூடினதும்... எப்படிக்கா இருந்துச்சு?

நதியா: எப்படின்னா... இருட்டா.

தஸ்லீம்: இருட்டாதான் இருக்கும், அது எனக்கும் தெரியும்க்கா.

நதியா: நீயும்தான மூடினே? ‘ஆமா, நானும் மூடினேன், கை நடுங்குச்சு’ன்னு என் கமெண்டுக்குக் கீழயே எழுதினியே. உனக்கு எப்படி இருந்துச்சு?

தஸ்லீம்: எனக்கா... உங்களை மாதிரிதான்.

நதியா: என்னை மாதிரின்னா?

தஸ்லீம்: இருட்டா.

நதியா: ம்ம்... உள்ள ரொம்ப குளிரோ?

தஸ்லீம்: ஜில்லுனு. கதவு தொறக்கும்போதே மூஞ்சில அடிக்கும். உங்களுக்குக் குளிரலயா?

நதியா: நாங்க மலையில கீறவங்க. எங்களுக்கு இன்னா குளிரு... பென்சிலு கறுப்பா நல்லா இருந்துச்சு.

தஸ்லீம்: கறுப்பா? நீலம் இல்ல?

நதியா: நீலமா?

தஸ்லீம்: வெளிய வர்றவங்க எல்லாரும் நீலப் பென்சிலுதான் வெச்சிருந்தாங்க... அதாவது, என்கூட வெளிய வந்தவங்க.

நதியா: நான் போன அன்னைக்கி கறுப்பு குடுத்திருப்பாங்க.

தஸ்லீம்: இருக்கும், இருக்கும்.

நதியா: பார்க்குல இருந்து அந்த ரஞ்சித்குமார் எப்ப கூப்புடறேன்னாரு?

தஸ்லீம்: நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கும்போது மெசேஜ் போடச் சொன்னாரு. உங்களைப் பாத்ததுமே போட்டுட்டேன். ஏன்க்கா, முகம் இன்னாமோ ஆகுது?

நதியா: ஒண்ணுமில்ல. அங்க வரையச் சொல்லிக் குடுக்கறவரு அவருதான?

தஸ்லீம்: ஆமா, வீடியோவுல எல்லாம் வர்றாரே, தாடி வெச்சிக்கினு. அக்கா... இதோ, அவருதான். ஸ்பீக்கர்ல போடறேன். ஹலோ?

ரஞ்சித்குமார்: வணக்கம் மேடம்! பேசறது ஊசிநூல் மேடமா, மலைக்காத்து மேடமா?

தஸ்லீம்: ஊசிநூலு சார். பேரு தஸ்லீம். மலைக்காத்து நதியா அக்கா, பக்கத்துலதான் இருக்காங்க.

நதியா: வணக்கம் சார்.

ரஞ்சித்குமார்: ரெண்டு பேரையும் எவ்வளவு நாளா தேடிட்டு இருக்கேன் தெரியுமா? ஒரு விஷயம் சொல்றேன், வெளிய யாருக்கும் தெரியாது. ஆரம்பத்துல எங்க கூடத்துக்கு அவ்வளவா ஆளே வரலை. இங்க வந்து உக்காந்து படம் வரையணுமா, அதுக்குப் பள்ளிக்கூடம் போதாதான்னு கேட்டாங்க. கூடத்தை மூடிட்டு பாப்கார்ன் கடை போடறதா முடிவே பண்ணிட்டாங்க.

தஸ்லீம்: பாப்கார்னா!

ரஞ்சித்குமார்: அப்பதான் நதியா மேடம் எழுதின கமெண்ட் பரவுச்சு. தஸ்லீம் மேடம் ஆமான்னு சொன்னதும் ஜனம் நம்பிடுச்சு. இப்ப வரிசை கேட் வரைக்கும் நிக்குது. வர்ற ஞாயித்துக்கிழமை ரசிகர்கள் எல்லாரையும் கூப்பிட்டிருக்கோம். நீங்க ரெண்டு பேரும் மேடை ஏறணும்.

நதியா: மேடையா... நாங்க இன்னா சார் பேசறது?

ரஞ்சித்குமார்: முதல் தடவை கண்ணை மூடினப்ப எப்படி இருந்ததுன்னு, அவ்வளவுதான். வண்டி மலைக்கே அனுப்பறோம். அப்புறம்... நீங்க வந்தது எந்த நாள்னு மட்டும் சொல்லுங்க. கூடத்துல தினமும் வீடியோ எடுக்கறோம். உங்களைத் தேடி எடுத்துத் திரையில போட்டுடலாம்.

தஸ்லீம்: எந்த... நாளா?

ரஞ்சித்குமார்: ஆமா மேடம். தோராயமா சொன்னாக்கூடப் போதும்.

நதியா: சார், ஒரு நிமிஷம்... யோசிச்சு... சார்? சார்?

தஸ்லீம்: சத்தமே காணோம்.

நதியா: டவர் போய்ட்டுது. நல்ல வேளை. அந்த போனைக் கீழ வெய்யி.

தஸ்லீம்: திரும்பக் கூப்புடுவாரே...

நதியா: தஸ்லீம், ஞாயித்துக்கிழமை நான் வரல. நீ போய்ட்டு வா.

தஸ்லீம்: நீங்க இல்லாம நான் மட்டும் இன்னா பேசறது? ஏன் வரல?

நதியா: நான்... அந்த பார்க்கு கேட்டைக்கூடப் பாத்ததில்ல.

தஸ்லீம்: இன்னாக்கா சொல்றீங்க?

நதியா: பொண்ணு பள்ளிக்கூடத்துல அங்க டூர் போனாங்க. கூட அம்மாங்க ரெண்டு பேரு வரலாம்னாங்க. ஓடிப்போய் பேரு குடுத்தேன். புதுப் புடவை கட்டிக்கினு, புளிசோறு கட்டிக்கினு விடியக்காலமே போய் நின்னேன். பஸ்ஸு பழுதாயிடுச்சுன்னு வேன் வந்துச்சு. எல்லாரும் ஏறினதும் எடம் பத்தல. ‘நதியா, நீ எறங்கிக்கோ’ன்னாங்க. எறங்கிட்டேன்.

தஸ்லீம்: அய்யோ...

நதியா: புளிசோத்தை மட்டும் ஜன்னல் வழியா பொண்ணுகிட்ட குடுத்தேன்.

தஸ்லீம்: அப்ப அந்தக் கண்ணை மூடற...

நதியா: அது எங்க வூட்டுக் கதை. மழை புடிச்சிக்கினா இங்க கரண்டு போனது போனதுதான். புள்ள பயந்து அழுவும். நான் இருட்டுலயே சிலேட்டை மடியில வெச்சிக்கினு முழியானை வரைவேன். கரண்டு வந்ததும் ரெண்டு பேரும் பாப்போம். ஒரு கண்ணு நெத்தியில, ஒரு கண்ணு வாயாண்ட. அப்படிச் சிரிப்பா தஸ்லீம்... அழுதுக்கினு இருந்தவளா இவன்னு தோணும்.

தஸ்லீம்: அதை ஏன் பார்க்குல நடந்த மாதிரி எழுதினீங்க?

நதியா: டூர் முடிஞ்சி வந்து பொண்ணு காயிதத்தைக் காட்டினா. அச்சடிச்ச மாதிரி முழியான். அவ சிநேகிதிங்க காட்டினதும் அதே மாதிரி. எது இவளுதுன்னே தெரியல. எனக்குக் கோவமா, ஏக்கமா, தெரியல... ‘அங்க கடைசில கண்ணை மூடிக்கினு கண்ணு வரையச் சொன்னாங்க, நான் வரைஞ்சேன்’னு எழுதிட்டேன். நாலு பேரு படிப்பாங்க, அத்தோட போவும்னு நெனச்சேன்.

தஸ்லீம்: ஆனா அது நெஜமாவே அங்க நடக்குதேக்கா! எங்க சித்தி பொண்ணு சைமா போய் வரைஞ்சா. வீடியோவுல அந்த சார் கண்ணை மூடச் சொல்றாரு, நான் பாத்தேன்.

நதியா: அதான் எனக்கும் புரியல! நான் எழுதினது பொய்யி. கொஞ்ச நாள்ல அது நெஜமா வீடியோவுல வருது. அப்பறம் நீ எழுதினதை நெனச்சிப் பாத்தேன். வீடியோ எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே ‘நானும் மூடினேன்’னு எழுதினவ நீ ஒருத்திதான். அப்ப அது அங்க முன்னயே இருந்திருக்குது. என் மனசுல தோணினது தற்செயலா சரியாப் போச்சுன்னு தேத்திக்கினேன். நீ வர்றேன்னதும் ஒத்துக்கினது அதுக்குத்தான். உன் வாயால கேக்கணும்.

தஸ்லீம்: அக்கா...

நதியா: சொல்லு, நீ போன அன்னைக்கி மூடச் சொன்னாங்கதான?

தஸ்லீம்: அக்கா, நான் போனேன். ஆனா உள்ள போகல.

நதியா: இன்னாது?

தஸ்லீம்: மாமியார் வூட்டு ஆளுங்களோட போனேன். எல்லாரும் தண்ணியில ஆடப் போய்ட்டாங்க. பை, செருப்பு, மாத்துத் துணி, கொழந்தைங்க பால்புட்டி, எல்லாம் எங்கிட்ட. நெழல் தேடி உக்காந்தேன். பாத்தா அது அந்தக் கூடத்து வாசப்படி. கதவு தொறக்கும்போதெல்லாம் ஜில்லுனு காத்து வரும். போனது கொஞ்ச பேருதான், ஆனா ஒவ்வொருத்தரும் காயிதத்தை நெஞ்சோட அணைச்சிக்கினு வருவாங்க. உள்ள முழியான் குரல் கேக்கும். எனக்குத் தெரிஞ்ச குரலாச்சே அது... தெனமும் காதுல கேக்கறது...

நதியா: பையை யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போயிருக்கலாமே?

தஸ்லீம்: கேட்டேன். ‘நீ இன்னா சின்னப் புள்ளயா’ன்னு சிரிச்சாங்க. அதுக்கு மேல கேக்கல.

நதியா: அப்பறம்?

தஸ்லீம்: வூட்டுக்கு வந்து உங்க கமெண்டைப் பாத்தேன். ‘வேற யாராச்சும் போனீங்களா, உங்களுக்கு எப்படி இருந்துச்சு’ன்னு கேட்டிருந்தீங்க. என்னை ஒருத்தர் கேக்கற மாதிரியே இருந்துச்சு. ‘ஆமா, நானும் மூடினேன்’னு போட்டுட்டேன். கை நடுங்கினது மட்டும் நெஜம்க்கா. அதை டைப் பண்ணும்போது நடுங்குச்சு.

நதியா: அடிப்பாவி. உன்னை நம்பி நான், என்னை நம்பி நீ...

தஸ்லீம்: நம்ம ரெண்டு பேரை நம்பி அவ்ளோ ஜனம்.

நதியா: அப்ப அங்க மொதல்ல கண்ணை மூடினது யாருதான் தஸ்லீம்?

தஸ்லீம்: எனக்கும் அதான்க்கா புரியல. நீங்களும் இல்ல, நானும் இல்ல...

ரஞ்சித்குமார்: ...ஹலோ? ஹலோ, இப்ப கேக்குதா மேடம்?

நதியா: அய்யய்யோ! கட்டாகலயா இது?

ரஞ்சித்குமார்: என் குரல்தான் உங்களுக்கு வரலை போல. நீங்க பேசினது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு.

தஸ்லீம்: யா அல்லா...

நதியா: சார், தப்பா எடுத்துக்காதீங்க சார். தஸ்லீம் மேல ஒண்ணுமில்ல, மொதல்ல எழுதினது நான்தான். இன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சிடறேன். மேடையில வேற யாரையாவது ஏத்திக்கோங்க. நாங்க வரவே இல்லன்னு நீங்களே சொல்லிடுங்க.

ரஞ்சித்குமார்: நீங்க வரலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம். நீங்க எழுதற வரைக்கும் எங்க கூடத்துல யாரும் கண்ணை மூடினதே இல்லை. எப்படியும் கூடத்தை மூடப் போறாங்க, செஞ்சுதான் பாப்போமேன்னு அடுத்த நாள் காலையில நான்தான் மூடச் சொன்னேன். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் அது என் யோசனைன்னு சொல்லி, இன்னிக்கு வரைக்கும் பேர் வாங்கிட்டு இருக்கேன்... நீங்க வேற எங்கயாவது பாத்துட்டு எழுதியிருந்தா என் பொய் வெளிய வந்துடுமேன்னு பயம், அதான் நாள் கேட்டு நோட்டம் பாத்தேன். தயவுசெஞ்சு எதையும் அழிச்சுடாதீங்க. ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை வந்து முன் பெஞ்சுல உக்காந்து முதல்ல வரைங்க, அது யாரோட யோசனைன்னு மேடை ஏறி நான் சொல்லிடறேன்.