கிளெம் உள்ளே தூங்குகிறான்

விளக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பூச்சி அடைகிறது. இது எனக்கு நடந்ததல்ல. மூன்றாவது படகில் இருக்கிறாளே ஜோன், அவளுடைய அக்கா புருஷன் டெரெக்குக்கு நடந்தது. அந்தக் கொதிக்கிற கோடையில்.

மாலை நான்கே முக்கால் மணி. கரைப்பாதையில் ஒரு நாய்கூட இல்லை. கால்வாய் இரண்டடி இறங்கி, ஓரத்துச் சேறு காய்ந்து வெடித்து நாறிக்கொண்டிருந்தது. டெரெக்குக்கு எதிரே மலைச்சரிவில் பதினொரு லாக், படகை மேலேற்றுகிற தண்ணீர்த் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் படகை உள்ளே விட்டு, கதவை அடைத்து, தண்ணீர் நிரப்பி, ஒரு படி மேலே தூக்க வேண்டும். ஏழு மணிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். தண்ணீர்ப் பஞ்சம்... மழை வந்தால்தான் திறப்பார்கள்.

மேலே இருக்கிற ஊர் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி பெரில். இடுப்பெலும்பு உடைந்து ஆறு வாரம். மறுநாள் காலை அவளை அனுப்புகிறார்கள். இந்தப் படகைத் தவிர அவர்களுக்கு வேறு வீடு கிடையாது. படகு மேலே ஏறாவிட்டால் அவள் போவதற்கு இடமே இல்லை.

நாற்பது வருடமாக அவள் சுக்கான் பிடிப்பாள், இவர் கதவு தள்ளுவார். இப்போது இரண்டும் இவர்தான். வயது எழுபத்தொன்று. காலையில் படகைத் தள்ளுகிற அடிவிசிறியில் பாசி சுற்றி, அதை அறுத்தெடுப்பதிலேயே மூன்று மணி நேரம் போயிருந்தது. மூன்றாவது லாக்குக்கு வருவதற்குள் முட்டி இரண்டும் விட்டுப்போயிற்று. கதவில் சாய்ந்துகொண்டு மனிதர் அழுதேவிட்டார்.

அங்கே ஒருவன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன பெரியவரே, தனியாவா?"

தனியாகப் படகோட்டுகிறவன் அதை யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டான். ராத்திரி எவனாவது ஏறிவிடுவான் என்ற பயம். பெரிலும் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள், கூரைமேல் எப்போதும் இரண்டு மக் வை என்று. வைத்திருந்தார்.

"இல்லப்பா. கூட்டாளி உள்ள தூங்குறான். கிளெம்."

வாயில் வந்த பெயர். கிளெம் என்று அவருக்கு யாரையும் தெரியாது.

"நீங்க இங்க நாக்குத் தள்ளிக் கெடக்கீங்க, அவரு தூங்குறாரா? நல்ல கூட்டாளிதான். எழுப்புங்க!"

டெரெக்குக்குச் சிரிப்பு வந்தது. கையிலிருந்த, மதகு திருகுகிற இரும்புக் கைப்பிடியால் படகுக் கூரையில் மூன்று தட்டுத் தட்டினார். டங்... டங்... டங்.

"டேய் கிளெம்! எழுந்து வாடா. என்னால முடியலடா."

கடைசி வார்த்தையை மட்டும் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

நான்காவது லாக். படகை உள்ளே விட்டுவிட்டு, லாக் சுவரில் பதித்த வழுக்குகிற ஏணியில் பாதி ஏறியிருப்பார்... பின்னால் கதவு சாத்திய சத்தம். அப்புறம் தலைக்கு மேலே, டக்... டக்... டக். மதகை யாரோ திருகித் தூக்குகிறார்கள். தண்ணீர் பொங்க ஆரம்பித்தது. மூச்சிரைக்க ஏறிப் பார்த்தார். யாருமில்லை. கொதிக்கிற செங்கல்லில் ஈரமான காலடி மட்டும். வெறுங்கால். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து மறைந்தது.

மனுஷன் ஓடியிருக்க வேண்டாமா என்கிறீர்கள். ஓட எங்கே தெம்பு? பயத்துக்கும் உடம்பில் கொஞ்சம் பலம் வேண்டும். "புண்ணியவானே" என்று முனகிவிட்டுப் படகில் இறங்கினார். ஐந்தாவது லாக் திறந்தே கிடந்தது. ஆறாவதும்... ஏழாவதும். பிறகு அவர் சுக்கானை விட்டு நகரவே இல்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்றுதான் பயம். எட்டாவதில் ஃபிளாஸ்க்கைத் திறந்தவர், அசதியில் இரண்டு மக்கிலும் டீ ஊற்றிவிட்டார். ஒன்பதாவதில் பார்க்கிறார்... இரண்டாவது மக் காலி. விளிம்பில் பச்சைப் பாசி.

உச்சியை எட்டும்போது ஏழுக்கு ஐந்து நிமிடம். காவல்காரப் பெண் சங்கிலியோடு நின்றாள்.

"தப்பிச்சீங்க போங்க! எல்லாம் உங்க கூட்டாளி புண்ணியம். பம்பரமா வேலை பாக்குறாரு, ஒரு வார்த்தை பேசல. இந்த வெயில்ல எப்படிங்க உடம்பு பூரா அப்படி நனைஞ்சிருக்காரு?"

"எங்க இருக்கான்?" அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"இப்பத்தானே உள்ள போனாரு."

பின்னால் சங்கிலி விழுந்தது. பூட்டுச் சத்தமும் கேட்டது. இனி இந்தப் படகு கீழே இறங்காது. அன்று ராத்திரி டெரெக் கரையில் புல்லில்தான் படுத்தார். உள்ளே கட்டில் ஒரே ஒருமுறை முனகியது.

காலையில் பெரில் வந்தாள். ஊன்றுகோலோடு மெதுவாகப் படியிறங்கி, தன் நாற்காலியில் உட்கார்ந்து, "அம்மாடி... வீட்டுக்கு வந்தாச்சு" என்றாள். ராத்திரி நடந்ததைச் சொல்லி அவளைப் பயமுறுத்தக் கூடாது என்று டெரெக் முடிவு செய்துகொண்டார். கெட்டில் கொதித்தது. அவள் கையெட்டுகிற அலமாரியிலிருந்து மக் எடுத்து வைத்தாள். ஒன்று... இரண்டு... மூன்று.

"மூணு எதுக்கு பெரில்?"

"ஒண்ணு கிளெமுக்கு. அவருக்குச் சர்க்கரை எத்தனை?"

"அந்தப் பேரு... உனக்கு யாரு சொன்னா?"

"அவரேதான். விடியக்காலைல வார்டுக்கு வந்து, படகை ஏத்தியாச்சு, கவலைப்படாதீங்கன்னாரு. தங்கமான மனுஷன். கால்லேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு, பாவம், நர்ஸ் ரெண்டு தடவை தரையத் துடைச்சா." அவள் மூன்றாவது மக்கிலும் டீயை ஊற்றினாள். "நீ கூப்பிட்டியாமே. இத்தனை வருஷத்துல யாருமே கூப்பிடலையாம். இனிமே படகை விட்டு இறங்கறதா இல்லைன்னுட்டாரு."

டெரெக் படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

சாத்தியிருந்த அதற்குள், கூரையின் உட்பக்கத்தில், நிதானமாக... டங். டங். டங்.